தண்ணிக்குக் கீழே கிடக்கிற ரோடு

நல்லதண்ணிப் பக்கம் மீன் பிடிக்கிறவன் என்றால் மவுஸ்ஸாக்கலை டேமில் பிடிக்கிறவன் என்றே வைத்துக்கொள்ளலாம். சிவனொளிபாதமலைக்கு ஏறுகிற சனம் காலை நனைத்துக்கொண்டு போகும் சீத கங்குல ஆறும், தோட்டங்களுக்கு நடுவே இறங்கி வருகிற ஓடைகளும் கடைசியில் போய்ச் சேர்வது அந்தத் தண்ணியில்தான். நான் அந்தக் கரையில் வளர்ந்தவன். தோட்டத்தில் பேர் போட்டு வேலை செய்த காலத்தில் ஞாயிறு வந்தால் தூண்டில். தோட்ட வேலையை விட்ட பிறகு தூண்டிலே பிழைப்பு. பிடித்ததை ஈரச் சாக்கில் சுற்றி லயம் லயமாகக் கொண்டுபோய் விற்பேன். எந்தக் காற்றுக்கு எந்த முனையில் நிற்க வேண்டும், தண்ணி எவ்வளவு இறங்கினால் எந்தக் கல் தலை காட்டும் என்பதெல்லாம் அங்கே எனக்கு அத்துப்படி.

காசல்ரீ எனக்கு அப்படி இல்லை. பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்த தண்ணி, அவ்வளவுதான். நோர்வூட் பக்கத்துப் பையன்கள் சிலர் பங்குனி மாசத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் தூண்டில் போட்டி வைக்கப் போவதாகவும், எங்கள் ஆட்களையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியும் சேதி அனுப்பியபோது எங்கள் பையன்களுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஹட்டன் பஸ்ஸில் ஏறினால் மஸ்கெலியாவைத் தாண்டி நோர்வூட்டில் இறங்கிவிடலாம், பக்கம்தானே என்றார்கள். பக்கம்தான். மஸ்கெலி ஓயாவை மறித்தது மவுஸ்ஸாக்கலை, கெஹெல்கமு ஓயாவை மறித்தது காசல்ரீ. இரண்டு ஆறும் கீழே போய்க் கூடித்தான் களனி கங்கையாகிறது. ஆனாலும் ஒரு தண்ணியில் கற்ற வித்தையை இன்னொரு தண்ணிக்கு அப்படியே தூக்கிக்கொண்டு போக முடியாது. மீன் ஒன்றாக இருக்கலாம், தரை வேறு.

மலையகத்து டேம்களில் தரைதான் எல்லாம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். காசல்ரீ அணை 1965இல் முடிந்தது, மவுஸ்ஸாக்கலை 1969இல். அதற்கு முன்னால் இரண்டும் பள்ளத்தாக்குகள். தேயிலை மலை, லயம், ஓடை, பாலம், கொழுந்து லொறி ஓடிய ரோடு எல்லாம் இருந்த இடம். எங்கள் மவுஸ்ஸாக்கலைக்குக் கீழே ஒரு டவுனே கிடக்கிறது, பழைய மஸ்கெலியா. கடும் வறட்சியில் தண்ணி வற்றினால் பழைய கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் வெளியே வரும். தூரத்துச் சனமெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போகும். எங்களுக்கு அது பார்க்கிற காட்சி மட்டும் இல்லை. இடிந்த சுவரில் பாசி பிடிக்கும், பாசியில் பூச்சி சேரும், பூச்சியைத் தேடி மீன் வரும். பழைய ஓடைத் தடம்தான் மீன் மேலும் கீழும் போகிற வழி. ரோட்டோரக் கானில் சேறு தேங்கும், அதைக் கிளறித் தின்னக் கார்ப் வரும். ஒன்றுமே இல்லாத வழுக்குச் சேற்றில் எந்த மீனும் அதிக நேரம் நிற்பதில்லை.

ஆகவே தெரியாத டேமுக்குப் போகிறவன் முதலில் கேட்க வேண்டியது எந்த இரை நல்லது என்பதை அல்ல. தண்ணி வருவதற்கு முன்னால் இங்கே என்ன இருந்தது என்று கேட்க வேண்டும். அதைச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். காசல்ரீ நிறைந்தபோது பத்துப் பன்னிரண்டு வயதாக இருந்தவர்களுக்கு இப்போது எழுபது தாண்டியிருக்கும்.

போட்டிக்கு முந்தின நாள் நான் தனியாகப் போய் இறங்கினேன். கரைக்கு மேலே ஒரு லயம். வாசலில் ஒரு பாட்டி வெயில் காய்ந்துகொண்டிருந்தார். கொழுந்து பறித்துக் காய்ப்புக் காய்த்த விரல்கள்.

"பாட்டி, டேம் கட்டுறதுக்கு முன்னாலயே நீங்க இங்கதான் இருந்தீங்களா?"

"எங்க லயமே அங்கதான தம்பி இருந்துச்சு" என்று தண்ணிக்கு நடுவே கையை நீட்டினார். "அந்தா ரெண்டு சவுக்கு மரம் ஒசந்து நிக்குதுல்ல, அதுக்கு நேரா கீழ. லயத்துக்கு முன்னால பீலி. பீலியத் தாண்டுனா ரோடு. லொறி வந்து கொழுந்து ஏத்திக்கிட்டுப் போகும்."

"ரோடு எந்தப் பக்கமா போச்சுங்க?"

"ஆத்தோரமாவே போயி, அந்த மூக்கு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்குதே கரை, அங்க வளையும். வளைவுல ஒரு பாலம். பாலத்துக்குக் கீழதான் நாங்க துணி தொவைக்கிறது. என்னாத்துக்குத் தம்பி இதெல்லாம்?"

"நாளைக்கு மீன் புடிக்க வர்றோம் பாட்டி."

"அப்ப எங்க வாசல்லதான் தூண்டி போடப் போறீங்க" என்றார். பிறகு சும்மா இருக்க அவரால் முடியவில்லை. கம்பை ஊன்றிக்கொண்டு கரை வரைக்கும் இறங்கி வந்துவிட்டார். எந்த மரத்துக்கு நேராகக் கோயில், எங்கே மாட்டுப் பட்டி, எந்த இடத்தில் ஆறு ஆழம் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். கடலாசி ஒன்றின் பின்பக்கத்தில் நான் கீறிக்கொண்டே வந்தேன். எதிரே மேட்டில் தெரிகிற வார்லி தேவாலயத்தை ஒரு குறியாக வைத்துக்கொண்டேன். 1878இல் கட்டியது அது, தண்ணிக்கு மேலே நின்றுவிட்ட பழைய அடையாளம். சவுக்கு மரம் இன்னொரு குறி. இரண்டையும் இணைத்தால் பாட்டியின் ரோடு எங்கே போகிறது என்று ஓரளவு பிடிபட்டது.

சொல்லைக் கேட்டால் மட்டும் போதாது, கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். முள்ளைக் கட்டாமல் ஒரு அவுன்ஸ் ஈயத்தை மட்டும் தங்கூசியில் கட்டி எறிவது என் வழக்கம். ஈயம் தண்ணியில் விழுந்ததும் எண்ணத் தொடங்குவேன். தங்கூசி தொய்ந்தால் தரை தட்டிவிட்டது என்று அர்த்தம். எண்ணிக்கை கூடினால் ஆழம், குறைந்தால் மேடு. அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. கம்பைத் தண்ணிக்குச் சமமாகத் தாழ்த்தி, தங்கூசியை ஆள்காட்டி விரலில் போட்டுக்கொண்டு, மெல்ல மெல்ல இழுக்க வேண்டும். சேறு என்றால் ஈயம் ஒட்டிக்கொண்டு பிறகு வழுக்கி வரும், விரலுக்குப் பாரம் மட்டும் தெரியும். பழைய தேயிலைத் தூர் என்றால் டக்கென்று பிடித்து, விட்டு, இரண்டு அடியில் மறுபடி பிடிக்கும். நிரை போட்டு நட்ட செடி அல்லவா, அந்த இடைவெளிகூட விரலில் தெரியும். கல் போட்டு இறுக்கிய ரோடு என்றால் கறகறவென்று சீரான ஒரு நடுக்கம் வரும், கொஞ்ச தூரத்துக்கு மாறாமல் வரும், பிறகு சட்டென்று ஈயம் ஒரு பள்ளத்தில் இறங்கும். அந்தப் பள்ளம்தான் கான்.

அன்று சாயங்காலம் அந்த நடுக்கம் என் விரலுக்கு வந்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பாட்டி சொன்ன இடத்திலேயே, பாட்டி சொன்ன போக்கிலேயே ரோடு கிடந்தது.

தூண்டில்காரனுக்குத் தண்ணி நிற்கிறதா, ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதும் தெரிந்தாக வேண்டும். இந்த டேம்கள் மீனுக்காகக் கட்டியவை அல்ல. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர இந்த ஆறுகள் மலையிலிருந்து விழுகிற வேகத்திலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று 1918இலேயே எழுதி வாசித்தார். லக்ஷபானவில் அது கைகூடியது 1950இல். இன்றைக்குக் காசல்ரீத் தண்ணி சுரங்கம் வழியாகப் போய்ச் சேர்வது அவர் பெயரையே வைத்த மின்நிலையத்துக்கு. எங்கள் மவுஸ்ஸாக்கலைத் தண்ணி கென்யோன் மின்நிலையத்துக்குப் போகிறது. ஆக, மழை மட்டும் எங்களுக்குச் சேதி இல்லை. கொழும்பில் எத்தனை விளக்கு எரிகிறது என்பதும் சேதிதான். தென்மேல் பருவ மழையில் தண்ணி ஏறும்போது புல்லுத் தரை புதிதாக முழுகும், மண்புழு வெளியே வரும், மீன் முழங்கால் ஆழத்துக்கே வந்து மேயும். தை, மாசி, பங்குனியில் தண்ணி இறங்கிக்கொண்டே போகும். கரை சிவந்த மண்ணாகப் படிப்படியாக வெளியே வரும். மீன் கரையை நம்பாது. ஆழமும் மறைவும் உள்ள பழைய தடங்களுக்குத் திரும்பிவிடும். எங்கள் போட்டி நடந்தது இந்தக் காலத்தில். ரோட்டைத் தேட வேண்டியிருந்ததும் அதனால்தான்.

என்ன மீன் என்று கேட்பீர்கள். திலாப்பியாவும் கார்ப்பும்தான் பெரும்பாலும். இரண்டும் வந்தேறிகள். திலாப்பியா ஆப்பிரிக்காவின் மீன், இந்த நாட்டுக்கு 1952இல் கொண்டுவந்து விட்டார்கள். இப்போது தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபை நீர்த்தேக்கங்களில் குஞ்சுகளை விடுகிறது, அதனால்தான் எங்களைப் போன்றவர்களுக்குப் பிழைப்பு. அதற்கெல்லாம் முன்னால் மலையகத்தில் தூண்டில் என்றால் தொரைமார் விளையாட்டு. 1880களில் சீமையிலிருந்து டிரவுட் முட்டைகளைக் கொண்டுவந்து நுவரெலியா ஓடைகளில் விட்டார்கள். 1896இல் அதற்கென்று இலங்கை மீன்பிடிக் கழகம் ஒன்றைத் தொடங்கினார்கள். டிரவுட்டுக்குக் குளிர்ந்து ஓடுகிற தண்ணி வேண்டும். ஹோட்டன் சமவெளி மாதிரி உயரத்தில்தான் அது நிலைத்தது. இறகில் கட்டிய பொய்ப் பூச்சியை ஓடை மேல் விசிறி அவர்கள் பிடித்தது அழகான வித்தை, நான் மதிக்கிறேன். ஆனால் டேம்கள் வந்த பிறகு லயத்துப் பிள்ளை ஒரு மூங்கில் கம்போடு கரையில் உட்கார்ந்து வீட்டுக்குக் கறி கொண்டுபோக முடிந்ததே, எனக்கு அதுதான் பெரிய விஷயம். எங்கள் வித்தையையும் யாராவது எழுதி வைக்க வேண்டும்.

போட்டி அன்று விடியும்போது மூடுபனி. தண்ணி எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. நோர்வூட்டுப் பையன்கள் எல்லாவற்றையும் ஒழுங்காக ஏற்பாடு செய்திருந்தார்கள். கரையில் குச்சி நட்டு நம்பர் போட்டிருந்தார்கள். சீட்டுக் குலுக்கி எடுக்கிற நம்பரில்தான் நிற்க வேண்டும். ஆளுக்கு ஒரு கம்பு, ஒரு முள். விசில் அடித்ததிலிருந்து பிற்பகல் விசில் வரைக்கும் பிடித்ததன் மொத்த எடைதான் கணக்கு. இங்கிலாந்துக் கழகங்கள் வைக்கிற போட்டிகளிலும் இதே முறைதான். அங்கே நிறுத்துப் பார்த்த பிறகு மீனைத் தண்ணியில் விட்டுவிடுவார்கள். இங்கே அது வீட்டுக்குப் போகும்.

பீலிக்கு நேரான நம்பர் எங்கள் பையன்களில் ஒருவனுக்கு விழுந்தது. எனக்கு விழுந்தது மூக்குக் கரையின் இந்தப் பக்கம், ரோடு வளைவதற்குக் கொஞ்சம் முன்னால். கடலாசியைப் பையனிடம் காட்டி, எவ்வளவு தூரம் எறிய வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன்.

முதலில் யாருக்கும் ஒன்றும் படவில்லை. அதில் ஆச்சரியமும் இல்லை. திலாப்பியா சூட்டு நாட்டு மீன். தண்ணி குளிர்ந்து கிடக்கும்போது அது இரையைப் பார்த்துக்கொண்டே சும்மா நிற்கும். பையன்கள் பொறுமையிழந்து இடத்துக்கு இடம் எறியத் தொடங்கினார்கள். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது எறிவதல்ல, ஊட்டுவது. தேங்காய்ப் புண்ணாக்கை இரவே ஊறப் போட்டு, வறுத்த கோதுமை மாவோடு பிசைந்து, ஆரஞ்சுப் பழ அளவு உருட்டிக் கொண்டுபோயிருந்தேன். ஒவ்வொன்றாக ரோட்டுக் கானுக்கு மேலே போய் விழுகிற மாதிரி எறிந்தேன். உருண்டை தரைக்குப் போன பிறகுதான் உடைய வேண்டும். வழியிலேயே கரைந்தால் சின்ன மீன் கூட்டம் கூடித் தின்றுவிடும். அழுத்திப் பிசைவதில்தான் இருக்கிறது சூட்சுமம். முள்ளில் எருக்குழியில் தோண்டிய மண்புழு.

கிழக்கு மலை வெயிலை மறைக்கும். முதல் வெயில் மேற்குக் கரையில்தான் விழும். அந்தப் பக்கத்து ஆட்களுக்குத்தான் முதலில் மீன் பட்டது, நான் எதிர்பார்த்தபடியே. பனி விலகி என் தண்ணியிலும் வெளிச்சம் விழுந்தபோது, கானுக்கு மேலே குமிழிகள் வரத் தொடங்கின. ஒன்று இரண்டல்ல, கொத்துக் கொத்தாக, கடுகு வெடித்தது போல. கார்ப் சேற்றில் வாயைப் புதைத்துத் தின்னும்போது வருகிற குமிழி அது.

கார்ப் இரையை விழுங்குவதில்லை, உறிஞ்சும், துப்பும், மறுபடி உறிஞ்சும். தக்கை நடுங்குகிறது என்று இழுத்தால் வெறும் முள்தான் வரும். ஈயத்தை முள்ளுக்குப் பக்கத்திலேயே போட்டிருந்தால், மீன் அதையும் சேர்த்துத் தூக்கும்போது தக்கை கீழே போகாது, மேலே எழும்பிப் படுக்கும். அப்போது இழுக்க வேண்டும். என் தக்கை எழும்பிப் படுத்தது. இழுத்தேன். கம்பு வளைந்த வேகத்தில் நல்ல மீன் என்று தெரிந்தது. அது நேராகத் தேயிலைத் தூருக்குத்தான் ஓடியது. தூருக்குள் போனால் தங்கூசி அறுந்துவிடும். கம்பை உயரத் தூக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் மீனின் தலை திரும்பும், தலை திரும்பினால் உடம்பும் திரும்பும். ரோட்டுப் பக்கமாகவே நடத்திக்கொண்டு வந்து கைவலையில் ஏற்றினேன். பித்தளைச் செதில்கள் வெயிலில் மின்னின.

பீலிக்கு நேரே நின்ற பையன் இன்னும் நன்றாகப் பிடித்தான். மேலேயிருந்து பீலிக்கு வந்த பழைய ஊற்றுத் தண்ணி இப்போதும் வாய்க்காலாக வந்து டேமில் விழுகிறது. அதைத் தேடித்தான் மீன் வந்திருக்கும். வெயில் ஏறிய பிறகு கரையோர மணலில் வட்டக் குழிகளும் தெரிந்தன. ஆண் திலாப்பியா வாயால் தோண்டிய கூடுகள் அவை. கூட்டைக் காக்கிற ஆண் எதைக் கண்டாலும் கடிக்க வரும், சுலபமாக மாட்டும். பெண் முட்டையை வாய்க்குள் வைத்துக்கொண்டு திரியும், அந்த நாட்களில் அநேகமாக இரை எடுக்காது. தப்பித் தவறி அப்படி ஒன்று மாட்டினால் விட்டுவிட வேண்டும் என்று எங்கள் பையன்களுக்குக் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருக்கிறேன். வாய் நிறையக் குஞ்சோடு இருக்கிற தாயைச் சாக்கில் போடுகிறவனோடு நான் கரைக்கு வர மாட்டேன்.

இன்னொரு கண்டிப்பும் உண்டு. முள் தூரில் மாட்டினால் தங்கூசியை அறுத்துவிட வேண்டும், தண்ணியில் இறங்கக் கூடாது. வற்றிய டேமின் கரை பார்க்கக் காய்ந்த தரை மாதிரி இருக்கும், ஒரு எட்டு வைத்தால் முழங்கால் வரைக்கும் சேறு பிடிக்கும். அதற்கு அடுத்த எட்டில் பழைய ஆற்றின் பள்ளம் இருக்கலாம். இந்த டேம்களில் பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகளை எனக்குத் தெரியும். ஒரு முள்ளின் விலையைச் சொல்லி யாரும் இறங்கிவிடக் கூடாது. அறுந்த தங்கூசியில் கைக்கு எட்டுவதைச் சுற்றி எடுத்து வருவதும் முக்கியம். நீர்க்காகம் அதில் சிக்கிச் செத்துக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

விசில் அடித்தது. கடையிலிருந்து இரவல் வாங்கிய தொங்கு தராசில் ஒவ்வொருவர் சாக்காக மாட்டி நிறுத்தார்கள். முதல் இடம் நோர்வூட்டுப் பையனுக்கு. மேற்குக் கரையில், முதல் வெயில் பட்ட இடத்தில், உள்ளங்கை அளவு திலாப்பியாவாக ஓயாமல் பிடித்துச் சேர்த்திருந்தான். பெரிய மீனுக்குக் காத்திருந்தவர்களைக் காட்டிலும் அவன் சாக்குத்தான் பாரம். அவனுடைய கை வேகத்தைப் பார்க்க எனக்கு நிறைவாக இருந்தது. இரண்டாம் இடம் எங்கள் பீலிப் பையனுக்கு. அவன் பிடித்ததில் ஒரு கார்ப்பை எடுத்துக்கொண்டு பாட்டியிடம் போனோம். செதிலைத் தடவிப் பார்த்துவிட்டு, "பீலிக்கு மேலயா, கீழயா?" என்று கேட்டார். மேலே என்றான் பையன். "மேலதான் இருக்கும், கீழ பூராவும் கல்லு" என்றார்.

அடுத்த போட்டி எங்கள் மவுஸ்ஸாக்கலையில். நோர்வூட்டுக்காரர்களுக்கு அது தெரியாத தண்ணி. அவர்களுக்கும் கீறிய படம் ஒன்று கொடுப்பதுதான் முறை என்று எங்கள் பையன்களிடம் சொன்னேன். அதற்காக ஒரு கொப்பி வாங்கியிருக்கிறார்கள். மஸ்கெலியாவிலும் சுற்றுத் தோட்டங்களிலும் உள்ள வயசாளிகளிடம் போய், பழைய டவுனில் எந்தக் கடைக்குப் பக்கத்தில் எது இருந்தது என்று கேட்டுக் கேட்டுக் கீறுகிறார்கள். கடைத்தெருவும் கோயில் வாசலும் வந்துவிட்டன. ஆற்றுக்கு இறங்குகிற பாதையை மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். பழைய பாலம் வழியாகப் பள்ளிக்கூடம் போனவர் ஒருவர் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கிறாராம். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கப் போகிறோம்.